பன்னிரண்டாயிரம் தளங்களுக்கு ஒரே பூட்டு

2018 மார்ச் மாதம் கேரளக் காவல்துறையின் திருட்டுப் பட ஒழிப்புப் பிரிவு தமிழ்நாட்டுக்குள் வந்து சிலரைக் கைது செய்தது. தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுப் படத் தளத்தின் பின்னணியில் இருப்பவர் என்று அவர்கள் சொன்ன இளைஞர் பிடிபட்டது விழுப்புரத்தில். தளத்தை நடத்துகிறவர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள், கனடாவில் இருக்கிறார்கள், பெயர் தெரியாத ஏதோ தீவில் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு அது பெரிய செய்திதான்.

கைதுக்குப் பிறகும் தளம் அடங்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று ரஜினிகாந்தின் '2.0' வெளியானது. அதற்கு முந்தைய நாள், படத்தைத் தயாரித்த லைக்கா நிறுவனத்தின் மனுவை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் இடைக்கால ஆணை போட்டது. பட்டியலில் இருந்த தளங்கள் 12,564. தமிழ்ராக்கர்ஸ் பெயரோடு விதவிதமான வால்கள் ஒட்டிய முகவரிகளே அதில் ஏறக்குறைய 2,000. படம் திரைக்கு வந்த அன்றே திருட்டுப் பிரதியும் இணையத்துக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டாயிரம் பூட்டு போட்டும் கதவு எப்படித் திறந்தது? பூட்டும் வேலையை ஏன் படம் எடுத்தவரிடமோ காவல்துறையிடமோ விடாமல், மாதம் சில நூறு ரூபாய்க்கு நமக்கு நெட் தருகிறவரிடம் கொடுக்கிறார்கள்? அந்த வேலையைச் செய்ய அவர் நம் இணைப்புக்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது? இந்த மூன்றும் ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. அதை அவிழ்க்கக் கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டும்.

எங்கள் விழுப்புரம் பக்கத்துக் கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி மயிலம் மலையை நோக்கி வந்தால், மின்கம்பங்களில் கறுப்பு ஃபைபர் கம்பிகளும் கூடவே வரும். வீட்டு ரௌட்டரிலிருந்து கிளம்பும் கம்பி தெருமுனை ஸ்பிளிட்டரில் மற்ற வீட்டுக் கம்பிகளோடு சேர்ந்து, ஊருக்குள் எங்கோ ஓர் அறையில் இருக்கும் ஓஎல்டி பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் நமக்கு முன்பு கேபிள் டிவி கொடுத்த அதே ஆள். உரிமம் அவர் பெயரில் இருப்பது அபூர்வம். மேலே இருக்கும் நிறுவனத்தின் கூட்டாளி அவர். "அண்ணா, நெட் வருது, ஆனா அந்த சைட் மட்டும் வரமாட்டேங்குது" என்று போன் போட்டால், "அது மேலேர்ந்தே கட் பண்ணிட்டாங்க தம்பி, என் கையில எதுவும் இல்ல" என்பார். உண்மைதான். நீதிமன்ற ஆணை தொலைத்தொடர்புத் துறைக்குப் போய், அங்கிருந்து உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கையாக இறங்குகிறது. ஓஎல்டி அறைவரை அந்தக் காகிதம் வருவதே இல்லை.

சட்டத்தின் கண்ணில் இந்த நிறுவனங்கள் குற்றவாளிகள் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, தகவலைக் கடத்த மட்டும் செய்பவருக்கு அதில் போகும் சரக்குக்கான பொறுப்பிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமும், பரிமாற்றத்தின்போது இயந்திரத்தில் தற்செயலாகத் தங்கிப்போகும் நகலைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஆணை இவர்களைத் தேடித்தான் வருகிறது. காரணம் எளிமையானது. தளம் நடத்துபவருக்கு முகவரி கிடையாது, இவர்களுக்கு உண்டு. முகம் தெரியாத எதிரியை வெளிநாட்டு வழக்குகளில் 'ஜான் டோ' என்பார்கள். நம் நாட்டு வழக்குத் தாள்களில் அவருக்கு 'அசோக் குமார்' என்று பெயர். அசோக் குமாரைப் பிடிக்க முடியாதபோது, அவர் நடமாடும் சாலைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுத் தடுப்பு வைக்கச் சொல்கிறார்கள்.

இனி தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மயிலத்தில் ஒருவர் செல்பேசியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறார். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் முதலில் ஒரு கேள்வி போகிறது: இந்தப் பெயருக்கு எண் என்ன? பதில் சொல்வது டிஎன்எஸ் என்ற முகவரிச் சேவை. வழக்கமாக அதை நடத்துவதும் நம் இணைய நிறுவனமே. தடைப்பட்டியலில் உள்ள பெயர் என்றால் அது தவறான எண்ணைத் தரும், அல்லது அப்படி ஒரு பெயரே கிடையாது என்று சாதிக்கும். செலவே இல்லாத தடுப்பு இது. உடைப்பதற்கும் செலவில்லை. செல்பேசியில் வேறொரு டிஎன்எஸ் சேவையைப் போட்டுக்கொள்ளக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணையே தடுப்பது. அந்த ஐபி எண்ணை நோக்கிப் போகும் எதையும் நிறுவனம் கீழே போட்டுவிடும். ஆனால் இன்றைய இணையத்தில் ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரு தளம் மட்டும் இருப்பதில்லை. கிளவுட்ஃபிளேர் மாதிரியான சேவைகளில் ஒரே எண்ணைப் பல்லாயிரம் தளங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு திருட்டுத் தளத்துக்காக அந்த எண்ணை அடைத்தால் பக்கத்திலிருக்கும் மருந்துக்கடைத் தளமும் சேர்ந்து அடைபடும்.

மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. கடிதம் உறைக்குள் போய்விட்டது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இடையில் யாருக்கும் தெரியாது. உறைமேல் எழுதிய முகவரி மட்டும் தெரியும். இணைப்பின் முதல் கணத்தில், எந்தத் தளத்தோடு பேச வேண்டும் என்பதைச் செல்பேசி வெளிப்படையாகச் சொல்லும் ஒரு புலம் உண்டு; அதை எஸ்என்ஐ என்பார்கள். அந்த வரியைப் படித்து, பட்டியலில் இருந்தால் இணைப்பை அறுத்துவிடலாம். ஜியோ இந்த முறையைப் பயன்படுத்துவதைப் பெங்களூரின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் சோதித்துக் காட்டினார்கள். அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள். ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனங்களின் தடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு சிம்மில் திறக்காத தளம் பக்கத்து சிம்மில் திறக்கிறது.

நான் சொல்ல வந்த இடம் இங்கேதான் இருக்கிறது. உறை மூடியிருக்கும்போது நிறுவனத்துக்குத் தெரிவது தளத்தின் பெயர். தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. அப்படியானால் அதனால் முழுத் தளத்தைத்தான் தடுக்க முடியும், ஒரு பக்கத்தைத் தடுக்க முடியாது. நுணுக்கமாகத் தடுக்க வேண்டுமானால் உறையைப் பிரிக்க வேண்டும். பிரிக்கக் கூடாது என்றால் தடை முரடாகத்தான் இருக்கும். பயனரின் அந்தரங்கமும் தடையின் துல்லியமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். சட்டப் பேச்சில் இந்த விஷயம் அதிகம் அடிபடுவதில்லை.

இதை நம் ஊர் வழக்கு ஒன்றே காட்டும். 2012இல் தனுஷ் நடித்த '3' வந்தது. 'கொலவெறி' பாட்டால் உலகமே எதிர்பார்த்த படம். தயாரிப்பாளரான ஆர்.கே. புரொடக்சன்ஸ், பிஎஸ்என்எல் உள்ளிட்ட நிறுவனங்களையும் நம் அசோக் குமாரையும் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. மே மாதம் நாடு முழுக்கப் பலருக்கு விமியோ திறக்கவில்லை, டெய்லிமோஷன் திறக்கவில்லை, நிரலாளர்கள் குறிப்பு எழுதிவைக்கும் பேஸ்ட்பின்கூடத் திறக்கவில்லை. சொந்தக் குறும்படத்தை விமியோவில் போட்டிருந்த பிள்ளைகளுக்கும் '3' படத்துக்கும் என்ன சம்பந்தம்? அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டம் கோபத்தில் அரசுத் தளங்கள் மீதெல்லாம் பாய்ந்தது. ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் தந்தது: தடை குறிப்பிட்ட இணைப்பு முகவரிகளுக்கே, முழுத் தளங்களுக்கு அல்ல.

நியாயமான விளக்கம். 2012இல் அதை நிறைவேற்றவும் முடிந்தது. அப்போது பெரும்பாலான தளங்கள் உறையில்லாத பழைய எச்டிடிபியில் ஓடிக்கொண்டிருந்தன, முழு முகவரியும் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. அதன் பிறகான சில ஆண்டுகளில் உலகமே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியது. 'இந்தப் பக்கத்தை மட்டும் தடு' என்ற ஆணையை நிறைவேற்றும் கண் நிறுவனங்களிடமிருந்து போய்விட்டது. நம் வங்கிக் கடவுச்சொல்லைக் காப்பாற்றியதும் அதே மாற்றம்தான் என்பதால் இதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2016இல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், ஆதாரம் இல்லாமல் முழுத் தளத்தை மூடச் சொல்ல முடியாது என்று கறாராக நின்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், முடக்கப்பட்ட தளத்தைத் திறந்தவர்களுக்கு ஒரு அறிவிப்பு வந்தது. பார்த்தாலே மூன்றாண்டு சிறை, மூன்று லட்சம் அபராதம் என்ற தொனியில் இருந்த அந்த வாசகம் பலரைக் கலங்கடித்தது. பார்ப்பது குற்றமல்ல, பிரதியெடுத்துப் பரப்புவதே குற்றம் என்று படேல்தான் அதைத் தெளிவுபடுத்தினார். 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. யுடிவி நிறுவனத்தின் வழக்கில் நீதிபதி மன்மோகன் 'டைனமிக்' தடை என்ற முறையைக் கொண்டுவந்தார். முழுமூச்சாகத் திருட்டையே தொழிலாக வைத்திருக்கும் தளம் என்று நிரூபணமானால், அது பெயர் மாற்றிக்கொண்டு வரும் ஒவ்வொரு முறையும் புது வழக்கு வேண்டாம். புதுப் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு டொமைன் பெயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உலகில் இது நடைமுறைக்கு ஒத்த தீர்வுதான். ஆனால் சேர்ப்பதற்கு இருக்கும் வேகம், தவறாகச் சேர்ந்ததை நீக்குவதற்கு இல்லை.

வேகம் என்ன செய்யும் என்பதற்கு ஐரோப்பாவைப் பார்க்கலாம். இத்தாலியில் 2024 பிப்ரவரியில் 'பைரசி ஷீல்டு' என்ற ஏற்பாடு வந்தது. கால்பந்து ஒளிபரப்பைத் திருடும் முகவரிகளை உரிமைக்காரர்கள் அதில் ஏற்றினால், நிறுவனங்கள் அரைமணி நேரத்துக்குள் தடுத்தாக வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு, கூகுள் டிரைவின் முகவரி ஒன்று பட்டியலில் ஏறிவிட்டது. நாடு முழுக்கப் பலரால் சொந்தக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. ஸ்பெயினில் லா லிகா போட்டி நடக்கும் நேரங்களில் கிளவுட்ஃபிளேர் எண்களை நிறுவனங்கள் அடைப்பதும், கால்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத தளங்கள் படுத்துக்கொள்வதும் 2025இலிருந்து நடக்கிறது. இதற்கிடையே எஸ்என்ஐ வரியையும் மறைத்துவிடும் புதிய குறியாக்க முறை பரவத் தொடங்கியிருக்கிறது. அது முழுதாக வந்துவிட்டால் உறைமேல் எழுதிய பெயரும் மறைந்து, எளிதில் உடையும் டிஎன்எஸ் தடுப்பை விட்டால் மிஞ்சுவது எண் மட்டுமே. அப்போது ஸ்பெயினின் சனி ஞாயிறு எல்லா ஊருக்கும் வரும்.

இதுவரை தடுப்பதைப் பற்றி. அடையாளம் காட்டுவது வேறு கதை, அந்தரங்கம் நேரடியாக அடிபடும் இடமும் அதுதான்.

டோரண்டில் படம் இறக்குபவரைக் கண்டுபிடிக்க இணைய நிறுவனத்தின் உதவி முதலில் தேவையே இல்லை. டோரண்டு என்பது கூட்டாகப் பங்குபோட்டுக்கொள்ளும் முறை. கண்காணிப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நுழைந்தால் மற்றவர்களின் ஐபி எண்கள் அவருக்கு முன்னே வரிசையாக வந்து நிற்கும். எண் கிடைத்துவிடும், ஆள் யார்? அதைச் சொல்லக்கூடியவர் நிறுவனம் மட்டுமே. காவல்துறை வட்டாரத்தில் ஐபிடிஆர் என்று ஒரு சொல் புழங்குகிறது. அழைப்புப் பட்டியலான சிடிஆர் போல இது இணைய இணைப்புகளின் பட்டியல். இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையை மாற்றியது. அதற்கு முன் ஓராண்டுதான்.

அந்தப் பட்டியலின் ஒரு வரி எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு: இரவு 11:42:07, உள் முகவரி 100.64.18.9, வெளி முகவரி 203.0.113.25, போர்ட் 24017. இரண்டு முகவரி ஏன்? ஐபிவி4 முறையில் உலகத்துக்கே மொத்தம் 430 கோடி எண்களுக்குள்தான், எப்போதோ தீர்ந்துவிட்டன. அதனால் ஒரே வெளி எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். 100.64 என்று தொடங்கும் உள் எண்கள் இந்தத் தேவைக்காகவே 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஒரு வெளி எண்ணில் 65,536 போர்ட்டுகள் உண்டு. வேறு தேவைக்கு ஒதுக்கியவை போக, வீட்டுக்கு ஆயிரமாகப் பிரித்தால் அறுபத்து நான்கு வீடுகள் ஒரே எண்ணில் உட்காரும். மயிலத்தில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புகார் கொடுப்பவர் வெளி எண்ணையும் நேரத்தையும் மட்டும் எழுதி, போர்ட்டை விட்டுவிட்டால் அறுபத்து நான்கு வீட்டின் மீதும் சந்தேகம். போர்ட்டையும் எழுதி, அவருடைய கடிகாரம் சில நிமிடம் தப்பாக ஓடினால், அதே போர்ட்டு அதற்குள் கைமாறியிருந்தால், பழி பக்கத்து வீட்டுக்குப் போகும். எல்லாம் சரியாக இருந்தாலும் கிடைப்பது இணைப்பு வாங்கியவரின் பெயர்தான். விடுமுறைக்கு வந்த மச்சானா, வைஃபை கடவுச்சொல் கேட்டு வாங்கிய எதிர்வீட்டுப் பையனா என்பதை ரௌட்டரைத் தாண்டி எந்தப் பதிவும் சொல்லாது. ஐபி எண் ஆளின் கைரேகை அல்ல.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலோடு இருபது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டுகின்றன. 2003இல் அமெரிக்க இசை நிறுவனங்கள், நீதிபதியிடம் போகாமலே வெரைசன் என்ற இணைய நிறுவனத்திடம் வாடிக்கையாளரின் பெயரைக் கேட்டன. கடத்துவதை மட்டும் செய்பவரிடம் அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிரான்ஸ் 2009இல் மூன்று முறை மாட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் சட்டம் கொண்டுவந்தது. நீதிபதி இல்லாமல் துண்டிக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பு மன்றம் தடுக்க, 2013இல் துண்டிப்பே கைவிடப்பட்டது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012இல், வாடிக்கையாளர்களின் திருட்டுக்கு இணைய நிறுவனமான ஐஐநெட் பொறுப்பல்ல என்று விடுவித்தது. அமெரிக்காவிலோ 2019இல் ஒரு ஜூரி, வாடிக்கையாளர்களைத் துண்டிக்காமல் விட்டதற்காகக் காக்ஸ் என்ற இணைய நிறுவனம் 100 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2024இல் மேல்முறையீட்டில் அந்தத் தொகை ரத்தாகி, வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. பயம் காட்டினால் நிறுவனம் என்ன செய்யும் என்பது வெளிப்படை: சந்தேகம் வந்த இணைப்பையெல்லாம் வெட்டும். அந்த இணைப்பில் அம்மாவின் வங்கிக் கணக்கும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் இருக்கும்.

நிறுவனங்கள் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. 2015இல் பெங்களூரு நிரலாளர் ஒருவர் ஏர்டெல் 3ஜியில் தன் சொந்த வலைப்பக்கத்தைத் திறந்தபோது, தான் எழுதாத நிரல் துண்டு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று தெரிவிப்பதற்கான சோதனை அது என்றது ஏர்டெல். நிரலாளர் அதைப் பொதுவில் வெளியிட்டார். கருவியைச் செய்த இஸ்ரேலிய நிறுவனமான ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பதிப்புரிமை மீறல் என்று சொல்லியே அவருடைய பதிவைக் கிட்ஹப்பிலிருந்து இறக்கவும் வைத்தது. திருட்டுப் படத்தைத் தடுக்க எழுதிய சட்டத்துக்கு இப்படியும் ஒரு பயன். அந்த ஒட்டுவேலை நடந்தது உறையில்லாத எச்டிடிபி பக்கத்தில்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்ற அமர்வின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம். என் தரவு யாருக்கெல்லாம் போனது என்று நிறுவனத்திடம் கேட்கும் உரிமையை அது தருகிறது; குற்ற விசாரணைக்கென்று அரசு அமைப்புக்குக் கொடுத்ததை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. ஐபிடிஆர் பெரும்பாலும் போவது அங்கேதான்.

திருட்டுத் தளங்கள் பயனரின் நண்பர்கள் என்ற நினைப்பும் சிலருக்கு இருக்கிறது. 2025 நவம்பரில் ஐபொம்மா தளத்தை நடத்தியதாக ஒருவரைக் கைது செய்த ஹைதராபாத் காவல்துறை, பயனர்களின் விவரங்கள் லட்சக்கணக்கில் அவரிடம் இருந்ததாகச் சொன்னது. ஓசியில் படம் காட்டுகிறவர் எதை விற்றுச் சாப்பிடுகிறார் என்று நாம் கேட்பதில்லை.

பூட்டுவதைவிடப் பலன் தரும் வழி கசிவின் வாயிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். திரையரங்குக்கு வரும் டிஜிட்டல் படத்தில், ஓடும்போதே கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறி கலக்கப்படுகிறது. மொத்தம் 35 பிட்டுதான். 16 பிட்டு நேரத்துக்கு, 19 பிட்டு எந்தக் கருவி என்பதற்கு. செல்பேசியில் எடுத்த மங்கலான பிரதியிலிருந்தும் அதைப் படித்து, எந்த அரங்கில் எப்போது எடுத்தது என்று சொல்ல முடியும். பார்வையாளர் ஒருவரின் தரவையும் தொடாத கண்காணிப்பு இது. 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டமும் அரங்கில் பதிவு செய்பவரைக் குறிவைக்கிறது: மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் அபராதம், உச்சமாகப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம். 2024 ஜூலையில் ஒரு மலையாளப் படத்தின் கசிவைப் பற்றிய புகாரைப் பின்தொடர்ந்த கேரளக் காவல்துறை, திருவனந்தபுரத்தில் ஓர் அரங்கில் தனுஷின் 'ராயன்' ஓடிக்கொண்டிருந்தபோதே ஓர் இளைஞரைப் பிடித்தது. இருக்கையில் உட்கார்ந்தபடி செல்பேசியில் படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார் என்பது வழக்கு. அவரைப் பிடிப்பதற்காக யாருடைய இணைப்பையும் அறுக்க வேண்டியிருக்கவில்லை.